முகமும் முட்டியும்

மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்துக்கு வெளியே, ஆட்டோக்கள் வளைந்து நிற்கும் இடத்துக்கு மேலே, ஒவ்வொரு மே மாதமும் கல்லூரி ஃப்ளெக்ஸ்கள் முளைக்கும். பிளஸ் டூ ரிசல்ட் வரும் வாரம் அது. கோட்டு போட்ட தாளாளர், கூப்பிய கைகள், பச்சைப் புல்வெளி, கீழே வரிசையாக மாணவர்களின் முகங்கள். 2011-லும் 2012-லும் 2013-லும் அந்த வரிசையில் என் நண்பன் ஒருவன் இருந்தான். கபடி மேட்டில் ஒரு கால் மடக்கி, ஒரு கை நீட்டி, வாய் திறந்து பாடிக்கொண்டிருக்கும் படம். கடைசி இரண்டு வருசம் அவன் அந்தக் கல்லூரியிலேயே இல்லை. முட்டிச் சவ்வு கிழிந்து, ஏழு அரியரோடு, மேலூரைத் தாண்டியிருக்கும் தன் ஊரில் அண்ணனின் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தான். மதுரைக்கு ஏதாவது வேலையாக வந்தால் மாட்டுத்தாவணியில்தான் இறங்க வேண்டும். இறங்கினால் தன் முகத்தின் கீழேதான் நடக்க வேண்டும்.

அவனைப் பற்றி எழுதப்போகிறேன் என்று போன மாதம் போனில் சொன்னேன். "எழுது மாப்ள. பேரு போடாத. பேரு போட்டா காசு குடுக்கணும்" என்றான். சிரித்தோம். அவன் சிரித்த அளவுக்கு என்னால் முடியவில்லை. காரணம் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கட்டுரை உண்மையில் சினிமாவைப் பற்றித் தொடங்கியது. 2024 செப்டம்பரில் தமிழரசன் பச்சமுத்து இயக்கிய 'லப்பர் பந்து' வந்தபோது, ஒரு சனிக்கிழமை இரவுக் காட்சிக்கு அவனும் நானும் போனோம். தியேட்டர் கெத்துக்கும் அன்புக்கும் இடையிலான ஈகோவில் கிடந்தது. மாமனார், மருமகன், மாமியார் என்று விசில். பக்கத்து சீட்டில் இவன் மட்டும் வேறொரு கணக்கில் இருந்தான். அன்புவை ஜாலி ஃப்ரண்ட்ஸ் அணி சாதி காரணமாகச் சேர்த்துக்கொள்ளாது. அவன் ஊர் ஊராக, அணி அணியாக 'கெஸ்ட் பிளேயராக'ப் போய் ஆடுவான். அந்தக் காட்சிகளில் நண்பன் என் காதுக்குள் கேட்டான்: "ஒரு மேட்சுக்கு இவனுக்கு எவ்வளவு மாப்ள குடுப்பாய்ங்க?"

எனக்குத் தெரியவில்லை. படமும் அதை ஒரு பொருட்டாக நிறுத்திச் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அதற்குப் பிறகு நான் தமிழின் விளையாட்டுப் படங்களைத் திரும்பப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் அந்த இடம் காலியாக இருக்கிறது.

சுசீந்திரனின் 'வெண்ணிலா கபடிக்குழு' 2009 ஜனவரியில் வந்தது. அந்த ஜூனில்தான் நாங்கள் கல்லூரி சேர்ந்தோம். ஹாஸ்டலில் யாரோ ஒருவனுடைய லேப்டாப்பில் அந்தப் படம் வாரத்துக்கு ஒருமுறையாவது ஓடும். கிராமத்துப் பையன்கள் மதுரைக்கு மாநில அளவிலான போட்டிக்கு வருகிறார்கள், கிஷோர் நடித்த பயிற்சியாளர் அவர்களைத் தூக்கி நிறுத்துகிறார். நல்ல படம்தான், இன்றைக்கும் சொல்வேன். மண் தெரிந்த படம். ஆனால் அந்தப் படத்தில் நிபந்தனைகள் வெளிப்படையாகப் பேசப்படுகிற ஒரே போட்டி எது என்று யோசியுங்கள். பரோட்டா போட்டி. ஐம்பது தின்றால் காசு தர வேண்டாம். எண்ணிக்கையில் தகராறு வந்தால் கோட்டையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து. சூரிக்குத் தன் உழைப்பின் கணக்கு தெரிந்திருக்கிறது, அதைக் கேட்கும் வாயும் இருக்கிறது. கபடி ஆடும்போது அந்தக் குழுவில் யாருக்கும் இந்த வாய் இல்லை. ஆட்டம் என்று வந்தவுடன் நம் கதாபாத்திரங்கள் புனிதர்களாகிவிடுகிறார்கள்.

('கில்லி'யில் வேலு மதுரைக்கு வருவதே கபடி ஆடத்தான் என்பதை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. முத்துப்பாண்டி குறுக்கே வந்ததால் கபடி போன இடம் தெரியவில்லை.)

'பைசன் காளமாடன்' இதைவிடச் சிக்கலான படம். மணத்தி கணேசனின் வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொண்ட கதை, 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டி அதன் உச்சி. மாரி செல்வராஜ் ஒன்றைத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்: ஒரு கபடி ஆட்டக்காரன் வளர வேண்டுமென்றால் யாருடைய அணியிலாவது நிற்க வேண்டும், அந்த 'யாருடைய' என்பதில்தான் ஊரின் ரத்தமெல்லாம் இருக்கிறது. லால் நடித்த கந்தசாமி கிட்டானைத் தன் அணிக்குச் சேர்த்துக்கொள்ளும் பகுதி என்னைப் பொறுத்தவரை படத்தின் மிக நுட்பமான பகுதி. பகையில் நிற்கும் ஒரு பெரிய மனிதர், எதிர்ப்பக்கத்துப் பையனின் திறமைக்கு இடம் கொடுக்கிறார். படம் இதை மனிதரின் பெருந்தன்மையாகப் பார்க்கிறது. எனக்கு அது வேறு மாதிரியும் தெரிந்தது. அவருக்கு ஜெயிக்க வேண்டும். ஜெயிக்க வேண்டியவனுக்கு நல்ல ரைடர் வேண்டும். போட்டி கடுமையாகும்போது சாதி சில சமயம் ஒரு அடி பின்வாங்கும். நல்ல மனசால் அது நடக்கலாம், லாபத்தாலும் நடக்கலாம். நம் படங்களுக்கு முதல் காரணத்தைச் சொல்லத் தெரியும். இரண்டாவதைச் சொல்லக் கூச்சம்.

'லப்பர் பந்து' அந்தக் கூச்சத்தைப் பாதி உடைத்த படம் என்று நினைக்கிறேன். அன்புவைச் சொந்த ஊர் அணி ஒதுக்குகிறது, அந்நிய ஊர் அணிகள் கூப்பிடுகின்றன. கூப்பிடுகிறவர்கள் சமத்துவவாதிகள் என்பதால் கூப்பிடவில்லை. அவன் பந்து போட்டால் விக்கெட் விழும். அவ்வளவுதான். கெஸ்ட் பிளேயர் என்பது நம் ஊர்களில் சாதிக்கு எதிராகத் தற்செயலாக உருவான ஒரு சின்னச் சந்தை. படம் அந்தச் சந்தையைக் காட்டிவிட்டு, தீர்வை மனமாற்றத்தில் தேடுகிறது. கேட்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் நண்பன் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது: எவ்வளவு குடுப்பாய்ங்க?

*

பதில் எனக்குக் கொஞ்சம் தெரியும், சினிமாவிலிருந்து இல்லை. மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கம் கோயில் திருவிழா, பொங்கல் சமயங்களில் 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி' நோட்டீஸ் பார்த்திருப்பீர்கள். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு, எல்லாவற்றுக்கும் எதிரே 'வழங்குபவர்' என்று ஒரு பெயர். அந்தப் பெயருக்கு முன்னால் ஒரு கட்சிப் பதவி, ஒரு ரைஸ் மில், ஒரு ஃபைனான்ஸ். நோட்டீஸில் காசு கொடுக்கிறவர் பெயர் எல்லாம் இருக்கும், ஆடுகிற ஒருத்தன் பெயர்கூட இருக்காது. அலங்காநல்லூரில் மைக்கில் கேட்பதும் இதேதான்: அண்டா யார் கொடுத்தது, சைக்கிள் யார் கொடுத்தது என்று மூச்சுவிடாமல் சொல்வார்கள், மாட்டை அணைந்தவன் பனியனில் இருக்கும் ஒரு நம்பர். (கடைசியில் அதிக மாடு பிடித்தவனுக்குக் கார் கொடுக்கும்போது அவனுக்கும் பெயர் வந்துவிடுகிறது. அதுவரை நம்பர்தான்.)

கபடியில் ஒரு ஊர் அணி ஃபைனல் வரை போக வேண்டுமென்று முடிவு செய்தால் வெளியிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிடும். போகவர வண்டிச் செலவு, சாப்பாடு, ஜெயித்தால் பங்கு. என் நண்பன் பதினோராம் வகுப்பிலேயே இப்படிப் போக ஆரம்பித்தான். "முந்நூறு குடுத்தாய்ங்க. ஐந்நூறு சொல்லிட்டு முந்நூறு. ஆனா கறிச்சோறு" என்பான். இதனால் என்ன ஆனது என்றால், கூப்பிட வசதியுள்ள ஊர்களே திரும்பத் திரும்ப ஃபைனலுக்கு வந்தன. மற்ற ஊர்க்காரர்கள் கோபப்பட்டார்கள். சில கமிட்டிகள் 'ஒரே ஊர் ஆட்கள் மட்டும், ஆதார் அட்டை அவசியம்' என்று விதி போட ஆரம்பித்தன. விதி நியாயமானது மாதிரி இருக்கிறது. ஆனால் இந்த விதி போட்ட ஊரில் அன்பு மாதிரி ஒருத்தன் இருந்தால்? அவனைச் சொந்த ஊர் சேர்க்காது, வெளியூர் சேர்க்க முடியாது. கெஸ்ட் பிளேயரை ஒழிப்பது போட்டியைச் சமமாக்குகிறதா, இல்லை பழைய வாசலுக்குத் திரும்பவும் பூட்டுப் போடுகிறதா?

இதே சண்டையை அமெரிக்காக்காரர்கள் நூற்றுக்கணக்கான கோடி டாலர் அளவில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வேலை நிமித்தம் அமெரிக்க டீமோடு பேசுகிறவர்களுக்குத் தெரியும், திங்கட்கிழமை கால் கல்லூரி ஃபுட்பால் பேச்சில்தான் தொடங்கும். அவர்களுடைய ஃபுட்பால், கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது. அங்கே ஒரு கல்லூரி மேட்சுக்கு லட்சம் பேர் உட்கார்ந்து பார்க்கிறார்கள், டிவி ஒப்பந்தங்கள் நம் ஐபிஎல்லோடு போட்டி போடுகின்றன. ஆனால் 2021 ஜூலை 1 வரை ஆடுகிற மாணவன் தன் பெயரை வைத்து ஒரு டாலர் வாங்கினாலும் குற்றம். 'அமெச்சூர்' என்பது அதற்கு வைத்த கௌரவமான பெயர். படிப்புச் செலவு, விடுதி, சாப்பாடு: இவ்வளவுதான் கூலி. ஸ்காலர்ஷிப் என்று சொல்வார்கள். நம் ஊரில் 'ஃப்ரீ சீட்'.

அதை உடைத்த வழக்குகளில் ஒன்று எப்படித் தொடங்கியது என்பதை ஒரு சாஃப்ட்வேர்காரனாக நான் மறக்க மாட்டேன். எட் ஓபேனன் என்ற முன்னாள் கூடைப்பந்து வீரர், 1995-இல் யூசிஎல்ஏ கல்லூரிக்குச் சாம்பியன் பட்டம் வாங்கித் தந்தவர். பல வருசம் கழித்து நண்பர் வீட்டுக்குப் போகிறார். அங்கே பையன் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருக்கிறான். திரையில் ஓபேனன். பெயர் இல்லை. ஆனால் அதே 31-ஆம் எண், அதே இடது கை, அதே உயரம், அதே மொட்டைத் தலை. விளையாட்டு நிறுவனத்துக்குக் காசு, கல்லூரிச் சங்கத்துக்குக் காசு, இவருக்கு எதுவும் இல்லை. 2009-இல் வழக்குப் போட்டார். 2014-இல் நீதிபதி கிளாடியா வில்கன் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அந்தக் கல்லூரி கேம் வரிசையே 2013-க்குப் பிறகு நின்றுபோனது. 2024 ஜூலையில் ஃபுட்பால் கேம் திரும்ப வந்தபோது, சம்மதித்த ஒவ்வொரு வீரனுக்கும் 600 டாலரும் கேமின் ஒரு பிரதியும் கொடுத்தார்கள். பெரிய தொகை இல்லை. ஆனால் கேட்டுவிட்டுப் போட்டார்கள்.

இதைப் படித்த அன்றுதான் எனக்கு மாட்டுத்தாவணி ஃப்ளெக்ஸ் ஞாபகம் வந்தது. 'பெயர், படம், சாயல்': என்.ஐ.எல். என்று அவர்கள் சொல்லும் மூன்று சொல்லும் அந்த ஃப்ளெக்ஸில் இருந்தன.

காசு வந்தால் போட்டி செத்துப்போகும் என்பது அங்கே பழைய வாதம். பணக்காரக் கல்லூரி எல்லாத் திறமையையும் அள்ளிக்கொண்டு போய்விடும், சின்னக் கல்லூரி காலியாகும் என்றார்கள். சரி, காசு இல்லாத காலத்தில் என்ன நடந்தது? நான்கு அணி ப்ளேஆஃப் இருந்த 2014 முதல் 2023 வரையிலான பத்து சீசனில் ஏழு பட்டம் அலபாமா, கிளெம்சன், ஜார்ஜியா என்ற மூன்று கல்லூரிகளுக்கு. நூற்றி முப்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஆடுகிற பிரிவில். அதில் பெரும்பகுதி மாணவனுக்கு வெளிப்படையாகக் காசு போகாத காலம். அவன் கைக்குப் போகாத காசு பயிற்சியாளர் சம்பளத்துக்கும் கட்டிடத்துக்கும் போனது. 2017-இல் கிளெம்சன் 5.5 கோடி டாலர் செலவில் கட்டிய ஃபுட்பால் வளாகத்தில் சறுக்குமரம் இருக்கிறது, மினி கோல்ஃப் இருக்கிறது. பதினெட்டு வயதுப் பையனை இழுக்கச் சம்பளம் கொடுக்கக் கூடாது, சறுக்குமரம் கொடுக்கலாம்! காசில்லாத விளையாட்டு என்று ஒன்று அங்கே இருந்ததே இல்லை. காசு யார் கையில் இருந்தது என்பதுதான் மாறியது.

2021 ஜூன் 21 அன்று உச்ச நீதிமன்றம் 9-0 என்று கல்லூரிச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பத்து நாளில் என்.ஐ.எல். திறந்தது. கூடவே ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு உட்கார வைக்கப்படாமல் மாறும் உரிமையும் வந்தது. 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே நேரடியாகக் கொடுக்கலாம், ஒரு கல்லூரிக்கு முதல் வருட வரம்பு சுமார் 2.05 கோடி டாலர். களேபரம்தான், ஒத்துக்கொள்கிறேன். பணக்கார முன்னாள் மாணவர்கள் கூட்டுச் சேர்ந்து பையன்களை ஏலம் எடுக்கிறார்கள், சின்னக் கல்லூரி ஒரு வருசம் பாடுபட்டு வளர்த்தவனை அடுத்த வருசம் பெரிய கல்லூரி கூட்டிக்கொண்டு போகிறது. ஆனால் 2024 அக்டோபரில் எப்போதும் தோற்கிற வாண்டர்பில்ட் அலபாமாவை 40-35 என்று அடித்தது. 2025 சீசனில் இண்டியானா சாம்பியன். தோல்விக் கணக்கில் வரலாற்றிலேயே முன்வரிசையில் இருந்த இண்டியானா! அவர்களுடைய குவார்ட்டர்பேக் கலிஃபோர்னியாவிலிருந்து இடம் மாறி வந்தவன். ஒருவகையில் கெஸ்ட் பிளேயர்.

இதை வைத்துக் 'காசு நல்லது' என்று நான் சொன்னால் அது மடத்தனம். காசு வந்தால் தானாகச் சமம் வராது. இங்கே நமக்கே ஒரு சோதனைச்சாலை இருக்கிறது. புரோ கபடி லீக் 2014-இல் தொடங்கியது. எல்லா அணிக்கும் ஒரே ஏலப் பை. சமீபத்திய சீசன்களில் 5 கோடி ரூபாய். அதற்கு மேல் எவ்வளவு பெரிய முதலாளியானாலும் செலவழிக்க முடியாது. பன்னிரண்டு சீசனில் எட்டு வெவ்வேறு அணிகள் கோப்பை வாங்கியிருக்கின்றன. முதல் ஏலத்தில் அதிக விலை போன ராகேஷ் குமாருக்கு 12.80 லட்சம். எட்டு வருசம் கழித்து, 2022-இல் நம்ம தமிழ் தலைவாஸ் பவன் செஹ்ராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தது. எல்லா அணிக்கும் பை ஒன்றுதான். பாதியை ஒருத்தன்மேல் கொட்டினால் மீதி இடத்துக்கு விலை குறைந்தவன்தான் வருவான்.

அந்த சீசன் என்ன ஆனது என்று கபடி பார்ப்பவர்களுக்குத் தெரியும். முதல் ஆட்டம், முதல் பாதி. பவனின் முழங்கால். சீசன் முழுக்க அவ்வளவுதான். புதிய இளம் வீரர் என்ற திட்டத்தில் வந்த நரேந்தர் என்ற பையன் 240-க்கு மேல் ரைடு புள்ளி எடுத்து, தலைவாஸை முதன்முறையாக அரையிறுதிக்குக் கொண்டுபோனான். கோடிக்குப் பதிலாகப் பையன் ஜெயித்துக் கொடுத்தான் என்று அப்போது எல்லாரும் எழுதினார்கள். நானும் ரசித்தேன். அழகான கதை, சினிமாவாகக்கூட எடுக்கலாம். (அந்தப் பையனும் ஹரியானாதான். அணியின் பெயரில் தமிழ் இருக்கிறது. முன்னணி ரைடர்கள் பெரும்பாலும் வடக்கிலிருந்து வருகிறார்கள். அது தனிச் சோகம்.)

ஆனால் என் நண்பன் அந்தக் கதையைப் பார்க்கவில்லை. அவன் முட்டியைப் பார்த்தான். 2023 ஏலம் நடந்த ராத்திரி எனக்கு மெசேஜ் அனுப்பினான். முட்டி போன அதே பவனைத் தெலுங்கு டைட்டன்ஸ் 2.605 கோடிக்கு எடுத்திருந்தது. முந்தைய விலையைவிட அதிகம். மெசேஜில் இவ்வளவுதான் இருந்தது: "அவனுக்கும் முட்டிதான் மாப்ள."

*

எனக்கும் இதற்கும் உள்ள சம்பந்தத்தை இப்போது சொல்ல வேண்டும்.

அவன் எங்கள் கல்லூரிக்கு வந்தது ஃப்ரீ சீட்டில். அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்குத் தனியாக இடம் இருந்தது. அதற்கு வேண்டிய தேசிய, மாநிலச் சான்றிதழ்கள் அவனிடம் இல்லை. மின்னொளிப் போட்டிகளில் வாங்கிய கோப்பைக்கு மார்க் கிடையாது. எங்கள் கல்லூரியின் பி.டி. சார் ஒரு திருவிழாப் போட்டியில் அவனைப் பார்த்துவிட்டு, அந்த ராத்திரியே வீட்டுக்குப் போய் அப்பாவிடம் பேசினார். படிப்பு இலவசம், ஹாஸ்டல் இலவசம், மெஸ் இலவசம். "தம்பியை என் பையன் மாதிரிப் பாத்துக்குறேங்கய்யா." எழுத்தில் எதுவும் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. வாத்தியார் வீடு தேடி வந்து பேசும்போது பேப்பர் கேட்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது.

இரண்டு வருசம் அவன் கல்லூரிக்காகப் பாடிப் போனான். மண்டலப் போட்டியில் கோப்பை வந்தது. நான் அப்போது ஐ.டி. இரண்டாம் வருசம், ஃபோட்டோஷாப் தெரிந்தவன் என்று பெயர் வாங்கியிருந்தேன். அட்மிஷன் புத்தகம் தயாரிக்க ஆபீசில் கூப்பிட்டார்கள். அவன் ரைடு போகும் படத்தை எடுத்து, பின்னால் இருந்த இடிந்த சுவரையும் காய்ந்த துணிகளையும் வெட்டிவிட்டு, நீல வெளிச்சம் போட்டு, காலுக்குக் கீழே தூசி சேர்த்தேன். நன்றாக வந்தது. 1,500 ரூபாய் கொடுத்தார்கள். அதில் அவனுக்கு அன்றிரவு பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். அவன் படத்துக்காக அவன் கைக்கு வந்தது அது மட்டும்தான்.

நான்காவது செமஸ்டரில் முட்டி போனது. முதல் மாதம் எல்லாரும் வந்து பார்த்தார்கள். அடுத்த வருசக் கபடிப் பட்டியல் போடும்போது அவன் இடத்துக்குத் திண்டுக்கல் பக்கமிருந்து ஒரு பையன் வந்தான். ஹாஸ்டல் ஆபீசிலிருந்து கட்டணப் பாக்கி என்று நோட்டீஸ். பி.டி. சாரிடம் போனோம். அவர் கெட்டவர் இல்லை, இன்றைக்கும் சொல்வேன். "நான் மேனேஜ்மென்ட்ல பேசிப் பாக்குறேன்டா" என்றார். பேசியிருப்பார். ஜூலையில் இவன் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். ஃப்ளெக்ஸுக்கான ஃபைல் மட்டும் அந்த ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்தது. அதை யாரும் அழிக்கவில்லை. நானும் அழிக்கச் சொல்லவில்லை. இறுதியாண்டு வரை ஒவ்வொரு மே மாதமும் அந்த நீல வெளிச்சத்தைப் பார்த்து, என்னோட வேலை இது என்று ஒரு ஓரத்தில் பெருமைப்பட்டிருக்கிறேன்.

ஃப்ரீ சீட்டே தப்பு என்று இதிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மதுரைக்குப் பக்கத்தில் சக்கிமங்கலம். பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்து, வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்த ரேவதியைப் பயிற்சியாளர் கண்ணன் கண்டுபிடித்தார், லேடி டோக் கல்லூரியில் இலவச இடமும் விடுதியும் வாங்கிக் கொடுத்தார். ரேவதி ரயில்வே வேலைக்குப் போனார், 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்பு ரிலேவில் ஓடினார். அந்தச் சீட்டு இல்லையென்றால் அந்த ஓட்டம் இல்லை. மணத்தி கணேசனுக்கு மின்வாரியம். தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை ஆட்டக்காரர்களைக் காப்பாற்றியது ஐ.சி.எஃப்., வங்கி, போலீஸ், மின்வாரியம் என்ற அணிகள்தான். வேலைதான் அவர்களுக்கு விளம்பரக் காசு. அந்தக் காசில் ஒரு நல்ல குணம் உண்டு: முட்டி போனாலும் சம்பளம் வரும்.

எனக்கு உறுத்துவது இதெல்லாம் ஒரு நல்ல மனிதரின் கண்ணில் படுவதைப் பொறுத்து இருப்பது. கண்ணன் சாரின் கண்ணில் பட்டால் ஒலிம்பிக். வேறு கண்ணில் பட்டால் ஃப்ளெக்ஸ். நம் படங்களும் இதையேதான் மாற்றி மாற்றிச் சொல்கின்றன: ஒரு நல்ல பயிற்சியாளர், ஒரு நல்ல பெரிய மனிதர், ஒரு கெட்ட செலக்டர். 2025 அக்டோபரில் 'பைசன்' தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தபோது, பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் இந்தியக் கபடி அணிகள் தங்கம் வாங்கின. கண்ணகி நகர் கார்த்திகா, வடுவூர் அபினேஷ். அரசு ஆளுக்கு 25 லட்சம் கொடுத்தது. மாலை, மேளம், செல்ஃபி. சந்தோசமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. கூடவே, அந்தத் தெருவில் அவர்களோடு ஆடி, தேர்வாகாமல் போனவர்களின் முட்டிக்கு யார் பொறுப்பு என்றும் ஓடியது. நம்மிடம் ஜெயித்தவனுக்குப் பரிசு இருக்கிறது. ஆடுகிறவனுக்கு ஒப்பந்தம் இல்லை. அமெரிக்காக்காரன் பதினைந்து வருசம் கோர்ட்டுக்கு அலைந்து வாங்கியது பெருந்தொகை என்று நாம் நினைக்கிறோம். அவன் முதலில் வாங்கியது பேரம் பேசும் உரிமை.

விமர்சகர்களான நாமும் சினிமாவிடம் இதைக் கேட்டதில்லை. 'லப்பர் பந்து'வை நாம் சாதிப் படமாகவும் குடும்பப் படமாகவும் எழுதித் தீர்த்தோம். 'பைசன்' அரசியல் பற்றி எத்தனை ஆயிரம் வார்த்தைகள். கூலியைப் பற்றிய படமாக அவற்றை ஒருத்தரும் வாசிக்கவில்லை. ஒரு வயற்காட்டுக் கதையில் கூலி எவ்வளவு என்று சொல்லாமல் ஒரு நாவலாசிரியர் தப்பிக்க முடியுமா? ஆட்டக்காரன் என்றால் மட்டும் எப்படித் தப்பிக்கிறார்கள்? ஆட்டத்தை நாம் வேலையாக நினைப்பதில்லை. அதனால்தான் அந்த 1,500 ரூபாயை நான் சம்பளம் என்று வாங்கினேன், அவனுக்கு வாங்கிக் கொடுத்ததை ட்ரீட் என்றேன்.

நண்பன் இப்போது சொந்தமாக ஒரு ஜே.சி.பி. வைத்திருக்கிறான். சாயங்காலம் கண்மாய்க்கரையை ஒட்டி ஊர்ப் பையன்களுக்குக் கபடி சொல்லிக் கொடுக்கிறான். ஓட முடியாது, கரையில் உட்கார்ந்துகொண்டு கத்துவான். போன ஏப்ரலில் அங்கே போயிருந்தபோது ஒரு கல்லூரிக்காரர் வந்திருந்தார். பிளஸ் டூ முடித்த ஒரு பையன்மேல் கண். இடது பக்கம் பாடிப் போகிறவன், போனஸ் கோட்டில் காலை வைத்துவிட்டு எடுக்கும் வேகம் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். படிப்பு ஃப்ரீ, ஹாஸ்டல் ஃப்ரீ, மெஸ் ஃப்ரீ என்றார் அவர்.

"சரிங்க சார். காலு போச்சுன்னா?"

"அதெல்லாம் ஏன் தம்பி இப்பப் பேசிக்கிட்டு. நல்ல காரியம் பேச வந்திருக்கோம்."

"இல்லைங்க சார், நாலு வருசம் படிப்பு எப்படியும் நடக்கும்னு ஒரு லெட்டர்பேடுல எழுதிக் குடுத்துருங்க. போட்டோ போட்டா கேட்டுட்டுப் போடுங்க. அவ்வளவுதான்."

வந்தவர் சிரித்தார், மேனேஜ்மென்ட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி பைக்கை எடுத்தார். பையனின் அம்மா அதுவரை பேசாமல் நின்றது. வண்டி திருப்பத்தில் மறைந்ததும் இவனைப் பிடித்துக்கொண்டது. வீடு தேடி வந்த லட்சுமியைத் துரத்திவிட்டானாம், இவன் கெட்டது போதாதா, எம்பிள்ளையையும் கெடுக்கணுமா என்று. இவன் ஒன்றும் சொல்லாமல் முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பையன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான், பிறகு கோட்டுக்குள் போய்த் தனியாகப் பாட ஆரம்பித்தான்.

இரண்டு வாரம் கழித்து நான் போன் செய்து கேட்டேன்.

"இன்னும் லெட்டர் வரல மாப்ள" என்றான். "அந்த அக்கா எங்கூடப் பேசறதில்ல."